நெல்லிக்காய்க்குக் கீழ்ப்பட்ட கட்டி

திருச்சிராப்பள்ளி பெரிய கடை வீதியில் ட்ரங்குப் பெட்டி செய்து விற்கும் குத்புதீன், தம் பிடரியில் இருப்பது அலட்சியப்படுத்தக் கூடிய வஸ்து அல்ல என்பதை 1937-ம் வருஷம் தை மாதத்தில்தான் தெரிந்துகொண்டார். அதுவரை பதினாலு வருஷமாக அதை அவர் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. தொட்டால் மெத்தென்று இருக்கும். விரலால் தள்ளினால் தோலுக்கடியில் நழுவி நழுவிப் போகும். வலி கிடையாது. சட்டைக் காலரைத் தையற்காரர் சற்று இறக்கி வெட்டவேண்டும். அதனால் அவருக்கு வந்த தொல்லை அவ்வளவுதான்.

அவருடைய மனைவி நஜ்முன்னிசாவுக்கு இடது முன்கையில் ஒரு பழைய தீத்தழும்பு. பத்து வயதில் கொதிக்கும் கஞ்சி கொட்டியது. முப்பது வருஷம் அது சும்மா கிடந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் தழும்பின் நடுவில் மிளகு போல ஒன்று கிளம்பிற்று. இப்போது புளியங்கொட்டை அளவு. கெட்டியாக இருந்தது. மேலே பொருக்குத் தட்டும். பாத்திரம் துலக்கும்போது பொருக்கு உதிர்ந்து ரத்தம் கசியும். மறுபடி பொருக்குத் தட்டும். வலி மட்டும் இல்லை. வலி இல்லாததால் குத்புதீன் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சும் இல்லை.

அப்போதுதான் தெருவில் தண்டோராப் போட்டு நோட்டீஸ் கொடுத்தார்கள். கடை வாசலில் நின்றபடி குத்புதீன் அதை மனைவிக்குப் படித்துக் காட்டினார்.

"சர்வஜன சரும சம்ரட்சண சபையார் இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: சரீரத்தில் கட்டி, கழலை, மரு, மச்சம் முதலிய உபரி வளர்ச்சிகள் உடையோர் யாவரும் அவற்றுடன் தென்னூர் சபை மாளிகைக்கு நேரில் ஆஜராக வேண்டியது. ஸ்திரீகள் புருஷர் துணையுடன் வரவும்."

"அவற்றுடன்னா என்னங்க?" என்று கேட்டாள் நஜ்முன்னிசா.

"கட்டியோட வரணுமாம்."

"கட்டியை வீட்டுல வச்சிட்டு யாருங்க வருவா?"

குத்புதீனுக்கும் அது விளங்கவில்லை. ஆனால் அச்சுப் போட்ட காகிதத்தில் அவருக்கு மரியாதை உண்டு. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் இருவரும் புறப்பட்டார்கள். போகலாம் என்று சொன்னவள் நஜ்முன்னிசாதான். போகிற வழியெல்லாம் அவள் துப்பட்டிக்குள்ளே இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

சபை மாளிகை என்பது வாடகைக்கு எடுத்த பங்களா. உள்ளே பதினோரு அறைகள். பதினோரு அறைகளிலும் பதினோரு கமிட்டிகள். டாக்டர் என்று பலகை தொங்கிய அறை மட்டும் பூட்டியிருந்தது. டாக்டரை இன்னும் நியமிக்கவில்லை. நியமித்தால் கூட்டங்களில் அவர் செகரட்டரிக்கு வலப்பக்கம் உட்காருவதா இடப்பக்கம் உட்காருவதா என்ற விஷயம் மூன்று வருஷமாக ஆலோசனையில் இருந்தது.

செகரட்டரி பாக்கியநாதன் தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக முப்பது வருஷம் நிலப் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். தமக்குத் தெரிந்த வேலையைத் திருத்தமாகச் செய்கிறவர். சபையின் விண்ணப்பத் தாளையும் தமக்குத் தெரிந்தபடியே தயாரித்திருந்தார்.

"கட்டிதாரர் பெயர்?" என்று ஆரம்பித்தார்.

குத்புதீன் பெயரைச் சொன்னார்.

"கட்டி பிதுரார்ஜிதமா, சுயார்ஜிதமா?"

"ஐயா?"

"தகப்பனார் வழியில் வந்ததா, நீராகச் சம்பாதித்ததா?"

குத்புதீன் யோசித்தார். "அத்தாவுக்குக் கட்டி கிடையாதுங்க. நானாத்தான்..."

"சுயார்ஜிதம்" என்று எழுதினார் செகரட்டரி. "அனுபோகம் எத்தனை வருஷம்? பதினாலு. ஆட்சேபணை யாருக்காவது உண்டா? இல்லை. இனி நான்கெல்லை. வடக்குப் பார்த்து உட்காரும். கிழக்கே வலது காது. மேற்கே இடது காது. மேலே தலைமயிர், கீழே சட்டைக் காலர்."

மேசைப் பக்கம் யாரோ பேச, குத்புதீன் திரும்பிப் பார்த்தார். உடனே கிழக்கும் மேற்கும் மாறிப் போயிற்று. செகரட்டரி எழுதியதை அடித்துவிட்டு, அவரைத் தோளைப் பிடித்துப் பழையபடி உட்கார வைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினார்.

அதன் பிறகு பித்தளைத் தகடு வந்தது. அதில் வரிசையாகத் துவாரங்கள்: நெல்லிக்காய், எலுமிச்சை, ஆரஞ்சு, மாதுளை. குத்புதீனின் கட்டி எலுமிச்சைத் துவாரத்தில் நுழைய மறுத்தது. செகரட்டரி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆரஞ்சுத் துவாரத்தை வைத்துப் பார்த்தார். எழுந்து நின்றார். குத்புதீனுக்கு ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

"பாய், இந்த ஜில்லாவில் முதல் வகுப்புக் கட்டி இதுவரை இரண்டுதான். ஒன்று முசிறியில். அந்த மனிதர் போன மாதம் எங்களைக் கேட்காமல் அதை அறுத்துக்கொண்டுவிட்டார். உம்முடையதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்."

நஜ்முன்னிசா துப்பட்டியை விலக்கிக் கையை நீட்டினாள். செகரட்டரி நெல்லிக்காய்த் துவாரத்தை அதன்மேல் வைத்தார். தகடு தடையில்லாமல் கீழே இறங்கித் தோலில் படிந்தது.

"நெல்லிக்காய்க்குக் கீழ்ப்பட்டது கட்டி ஆகாது அம்மா. நாலாவது விதி. இதைக் கட்டி அபேட்சகர் என்று வேண்டுமானால் குறித்துக்கொள்கிறேன். வளர்ந்து தகுதி அடைந்ததும் மறுபடி வாரும்."

"ரத்தம் கசியுதுங்க."

"ரத்தம் வேறு கமிட்டி. வலி உண்டா?"

"இல்லைங்க. வலி சுத்தமா இல்லை. அதுதாங்க எனக்கு..."

"அளவும் இல்லை, வலியும் இல்லை" என்றார் பாக்கியநாதன் உண்மையான வருத்தத்துடன். "எதை ஆதாரமாக வைத்து உங்களைப் பதிவு செய்வேன்?"

குத்புதீனின் வாழ்க்கை அன்றிலிருந்து மாறிற்று. சபையிலிருந்து வாரம் ஒரு கடிதம் வந்தது. கட்டிதாரர் மல்லாந்து படுத்து உறங்கலாகாது; பிடரியில் எண்ணெய், சுண்ணாம்பு, பற்று ஒன்றும் போடலாகாது; சபையின் முன் அனுமதியின்றிக் கட்டியைக் குணப்படுத்திக்கொள்ளலாகாது. சபையார் இரண்டு பேர் வந்து கட்டியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஜட்கா வண்டிக்காரர்கள் சவாரியோடு வரும்போது கடை வாசலில் வேகத்தைக் குறைத்து, "இவருதாங்க கட்டி பாய்" என்று காட்டினார்கள். இருபது வருஷமாகத் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்த மனிதரை அதுவரை எவரும் நின்று பார்த்ததில்லை. குத்புதீன் காலரை இன்னும் கொஞ்சம் இறக்கி வெட்டச் சொன்னார்.

மாசி முடியும் தறுவாயில் நஜ்முன்னிசாவின் கையில் இருந்தது இரண்டு பங்கு ஆகிவிட்டது. ஓரங்கள் உருண்டு தடித்து, நடுவில் குழிந்து புண்ணாயிற்று. ரத்தம் நிற்க முன்னைவிட நேரம் பிடித்தது. "இப்போ நெல்லிக்காய் ஆயிருக்கும். வாங்க" என்று கணவரை அழைத்துக்கொண்டு மறுபடி தென்னூர் போனாள்.

தகட்டை வைத்தார்கள். இம்முறை தகடு கீழே இறங்காமல் கட்டியின் மேலேயே நின்றது. ஆனால் நடுவில் புண் இருந்ததால் செகரட்டரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மேட்டை அளப்பதா, பள்ளத்தைக் கழிப்பதா? விஷயத்தை ரத்தக் கமிட்டிக்கு அனுப்பினார். அந்தக் கமிட்டியில் மூன்று பேர். ரத்தம் தோலைச் சேர்ந்ததா, அல்லது உள்ளே இருந்து தோல் வழியாக வந்து போவதா என்பதில் அவர்களுக்குள் அபிப்பிராய பேதம். தோலைச் சேராவிட்டால் அது சபையின் அதிகாரத்துக்குள் வராது.

அந்தச் சமயம் சபையின் அக்ராசனர் ராவ்பகதூர் அழகியமணவாள அய்யங்கார் உள்ளே வந்தார். ஸ்ரீரங்கம் உத்தர வீதிவாசி. ரிடையர்டு ஜட்ஜ். வாசலில் காலணியைக் கழற்றும்போதே பேசத் தொடங்கி, உட்கார்ந்த பிறகும் அந்த வாக்கியத்தை முடிக்காதவர்.

"சரும சம்ரட்சணம் என்பது சாமானியமான கைங்கர்யமல்ல. சருமமே சரீரத்தின் பிராகாரம். பிராகாரத்தில் விகாரம் தோன்றினால் உள்ளே எழுந்தருளியிருக்கும் ஆத்மாவுக்கு..."

நஜ்முன்னிசா கையை நீட்டினாள். ராவ்பகதூர் அந்தக் கையைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த தம்முடைய படத்தைப் பார்த்துக்கொண்டு, "மேலே அனுப்பியிருக்கிறது. முடிவு வந்ததும் தெரிவிக்கப்படும்" என்றார். பிறகு குத்புதீனின் பக்கம் திரும்பி முகம் மலர்ந்தார். "வாரும் பாய்! பங்குனி முதல் திங்கட்கிழமை நம் சபையின் மூன்றாவது மகாநாடு. சென்னையிலிருந்து பெரிய கனவான்கள் வருகிறார்கள். மேடையில் எனக்குப் பக்கத்தில் உமக்கு ஆசனம்."

குத்புதீனுக்குக் காது சிவந்துவிட்டது.

வெளியே வரும்போது வாசல் வேப்பமரத்தடியில் ஒருவர் அவர்களை நிறுத்தினார். சபையின் கம்பவுண்டர் சவரிராயன். டாக்டர் இல்லாத இடத்தில் கம்பவுண்டருக்கு வேலை இல்லை என்பதால் பூட்டிய அறையின் மருந்து சீசாக்களைத் தினமும் துடைத்து அடுக்குவதே அவருடைய உத்தியோகம். 1914-ல் மூண்ட ஜெர்மன் யுத்தத்தின்போது பாஸ்ராவில் ராணுவ ஆஸ்பத்திரியில் இருந்தவர்.

"பாய், கழுத்தைக் கொஞ்சம் காட்டுங்க." சவரிராயன் இரண்டு விரலால் கட்டியை அழுத்தினார், தள்ளினார். "இது பெரும்பாலும் வெறும் கொழுப்பு. பதினாலு வருஷமா இதே அளவு, மெத்துன்னு இருக்கு, விரலுக்கு நழுவுது. டாக்டர்கிட்ட ஒரு தரம் காட்டி வச்சா நல்லது, ஆனா அவசரம் இல்லை. திடீர்னு பெருசானாலோ, கெட்டிப்பட்டாலோ, வலி எடுத்தாலோ உடனே ஓடணும்." பிறகு நஜ்முன்னிசாவிடம், "நீங்க காட்டுங்கம்மா" என்றார்.

பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"எத்தனை மாசமா?"

"நாலு ஆச்சு."

"நாலு வாரத்துல ஆறாத புண்ணு, நிறமோ உருவமோ மாறுற மச்சம், எதுன்னாலும் டாக்டர்கிட்ட காட்டணும்மா. இது கெட்டியா இருக்கு, அடியில ஒட்டிக்கிட்டு அசைய மாட்டேங்குது, வளருது, தொட்டா ரத்தம் வருது. அதுவும் பழைய தீக்காயத் தழும்புல முளைச்சிருக்கு. வலிக்கலையேன்னு இருந்துடாதீங்க. ஆரம்பத்துல கெட்ட கட்டி வலிக்காது. வலிக்காதுங்கிறதாலதான் ஆளுங்க தாமதம் பண்றாங்க. பாஸ்ராவுல பார்த்திருக்கேன்."

"பார்த்து என்ன ஆச்சுங்க?" என்றாள் நஜ்முன்னிசா.

சவரிராயன் ரஸ்தாப் பக்கம் கையைக் காட்டினார். "பெரிய ஆஸ்பத்திரியில கத்தி வைக்கிற டாக்டர் திங்கட்கிழமை திங்கட்கிழமை கட்டி பார்க்கிறார். நாளை மறுநாள் திங்கள். காலையில ஏழு மணிக்கு அங்கே இருங்க."

நாளை மறுநாள்தான் பங்குனி முதல் திங்கட்கிழமை.

அன்று வீட்டில் குத்புதீன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில், "அடுத்த திங்கள் போவோம் நஜ்மு. ஏழு நாள்ல என்ன ஆயிடப் போவுது?" என்றார்.

"நாலு மாசத்துல என்ன ஆச்சோ, அதுல ஏழு நாள் கூட ஆகும்."

"பேரைப் போட்டு நோட்டீஸ் அடிச்சிட்டாங்க. பெரிய மனுசங்க. ஜட்ஜுக்குப் பக்கத்துல எனக்கு நாற்காலி. என் ஆயுசுல எனக்கு எவன் நாற்காலி போட்டான், சொல்லு."

நஜ்முன்னிசா அவரையே பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரும் என்று அவர் எதிர்பார்த்தார். வந்திருந்தால் சமாதானம் சொல்லியிருப்பார்.

"உங்க கட்டிக்கு நாற்காலி போட்டிருக்காங்க. நீங்க போங்க" என்றாள். "என் கட்டிக்கு நான் போய்க்கிறேன். பக்கத்து வீட்டு ஆபிதா துணைக்கு வர்றேன்னிருக்கா."

மகாநாடு காலை எட்டு மணிக்கு என்று போட்டிருந்தது. பத்து மணிக்கு நாதஸ்வரம் வாசித்தார்கள். பந்தலில் ஆண்கள் ஒரு பக்கம், மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் பெண்கள். பெண்களில் பாதிப் பேர் மடியிலோ முந்தானைக்குள்ளோ எதையோ மறைத்துப் பிடித்தபடி இருந்தார்கள். டாக்டர் வருவார் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிவிட்டார்கள்.

ராவ்பகதூர் எழுந்து பேசினார்.

"மகா ஜனங்களே! இந்தச் சபை தோன்றுவதற்கு முன் நம் ஜில்லாவில் கட்டிகள் இல்லாமலில்லை. இருந்தன. ஆனால் அநாதையாக இருந்தன. கணக்கில்லை, வகுப்பில்லை, எல்லையில்லை. முதல் வருஷம் நாற்பத்து மூன்று கட்டிகளைப் பதிவு செய்தோம். இந்த வருஷம் அறுநூற்றுப் பன்னிரண்டு! இதுவல்லவோ வளர்ச்சி!" கரகோஷம். "எத்தனை கட்டியைக் குணப்படுத்தினீர்கள் என்று சில விஷமிகள் கேட்கிறார்கள். நான் அவர்களைக் கேட்கிறேன். குணப்படுத்தியிருந்தால் இந்த அறுநூற்றுப் பன்னிரண்டு எங்கேயிருந்து வரும்? ஒரு நூலகம் தன் புஸ்தகங்களைக் கொளுத்துமா? ஒரு கட்டியைக்கூட இழக்காமல் இந்தச் சபையை நடத்தியிருக்கிறோம் என்று அடியேன் பணிவுடன் சொல்லிக்கொள்கிறேன். முசிறி நீங்கலாக."

"முசிறிக்கு வெட்கம்!" என்றார் யாரோ.

சென்னைக் கனவான் ஒருவர் எழுந்து, தமக்குத் தோலைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றும், ஆனால் இவ்வளவு நேர்த்தியான பதிவேட்டைத் தாம் ராஜதானியில் எங்கும் கண்டதில்லை என்றும் சொன்னார். பாக்கியநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு குத்புதீனைச் சபைக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னார்கள். பிடரியில் ஒரு பட்டுத் துணியைப் போட்டிருந்தார்கள். கனவான் அதை விலக்கித் திறந்து வைத்தார். கரகோஷம் நிற்க வெகுநேரம் ஆயிற்று. மாலையைக் கழுத்தில் போட்டால் கட்டி மறைந்துவிடும் என்பதால் கையில் கொடுத்தார்கள்.

"வலிக்கிறதா?" என்று கனவான் பரிவோடு கேட்டார்.

"இல்லைங்க."

"என்ன பொறுமை! என்ன பொறுமை!"

குத்புதீன் சபைக்கு முதுகு காட்டியே நின்றார். கண்ணெதிரே பந்தலின் பின்புறத்துக் கீற்றுத்தான் தெரிந்தது. கீற்றின் இடுக்கில் ரஸ்தா தெரிந்தது. வெயில் ஏறிவிட்டது. நஜ்மு போய் நாலு மணி நேரம் ஆகியிருக்கும். பெஞ்சில் உட்கார்ந்திருப்பாளோ, உள்ளே கூப்பிட்டிருப்பார்களோ? டாக்டர் அவளிடம் கேட்பார், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று. அவள் என்ன சொல்வாள்? அவர் மகாநாட்டில் இருக்கிறார் என்றா? எதற்கு என்று கேட்டால்?

"கட்டிதாரர் இப்போது இரண்டு வார்த்தை பேசுவார்" என்றார் செகரட்டரி.

குத்புதீன் திரும்பினார். செகரட்டரி எழுதிக் கொடுத்திருந்த நன்றியுரை சட்டைப் பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை. மூங்கில் தட்டியைப் பார்த்துப் பேசினார்.

"தாய்மாருங்களே, எனக்குப் படிப்பு கிடையாது. என் கழுத்துல இருக்கிறது வெறும் கொழுப்பாம். பதினாலு வருஷமா மெத்துன்னு அப்படியே கிடக்கு. இதைப் பார்க்க நீங்க இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம். என் வீட்டுக்காரிக்குக் கையில இத்துனூண்டு. அதுதான் கெட்டதா இருக்கும்ங்கிறாங்க. புதுசா ஒண்ணு முளைச்சு வளர்ந்துக்கிட்டே இருந்தா, கல்லு மாதிரி கெட்டியா இருந்தா, தொட்டா ரத்தம் வந்தா, ஒரு மாசமாகியும் புண்ணு ஆறலைன்னா, மச்சம் நிறமோ உருவமோ மாறினா, சின்னதுன்னு விட்டுடாதீங்க. வலிக்கலைன்னும் விட்டுடாதீங்க. இங்கே வராதீங்க. இங்கே டாக்டர் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. திங்கட்கிழமை பார்க்கிறாங்க. இன்னிக்குத் திங்கட்கிழமை."

செகரட்டரி விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"என் வீட்டுக்காரி அங்கே ஆம்பளைத் துணை இல்லாம உட்கார்ந்திருக்கா. நான் போறேன்" என்று சொல்லிவிட்டுக் குத்புதீன் மேடையிலிருந்து குதித்தார்.

"பாய்! சபையின் கட்டி! பாய்!" என்று செகரட்டரி ரஸ்தா வரை ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் மூங்கில் தட்டி விழுந்தது. அதைத் தள்ளிக்கொண்டு பெண்கள் சிலர் எழுந்து வந்தார்கள். குத்புதீன் திரும்பிப் பார்க்கவில்லை.

சபையின் நடவடிக்கைக் குறிப்பில் அன்றைய அந்தப் பேச்சு விதி விரோதமானது என்று அடித்துவிடப்பட்டது. அன்று பிற்பகல் ஆஸ்பத்திரியில் கட்டி பார்க்க வழக்கத்தைவிடப் பதினேழு பெண்கள் அதிகம். அவர்களில் இரண்டு பேரைத் தங்கச் சொன்னார்கள். மற்றவர்களைக் கவலைப்படாமல் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். இது எந்தக் குறிப்பிலும் இல்லை.

குத்புதீன் போய்ச் சேர்ந்தபோது நஜ்முன்னிசாவைக் கட்டிலில் சேர்த்துவிட்டார்கள். டாக்டர் கட்டியைப் பார்த்ததோடு அக்குளிலும் கையை வைத்து நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தாராம். இல்லையாம். புதன்கிழமை அறுக்கிறார்களாம். கட்டியைச் சுற்றி நல்ல தோலும் கொஞ்சம் சேர்த்து எடுக்கவேண்டுமாம். தொடையிலிருந்து தோல் எடுத்து அந்த இடத்தில் ஒட்டுவார்களாம். எல்லாவற்றையும் ஆபிதா மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

குத்புதீன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"ஸ்டூல் இருக்கு. அதுல உட்காருங்க" என்றாள் நஜ்முன்னிசா.

"வேணாம்" என்றார் அவர். சற்றுப் பொறுத்து, "நான் முதல்லேயே வந்திருக்கணும் நஜ்மு."

"ஆமா" என்றாள் அவள். வலது கையை அவர் தலைமேல் வைத்தாள்.

அறுத்ததில் ஒரு துண்டைச் சென்னைக்கு அனுப்பிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்கள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. புற்றுதான். ஆனால் ஓரங்களில் ஒன்றும் இல்லை, முழுதாக எடுத்தாயிற்று. "இன்னும் நாலு மாசம் கழிச்சு வந்திருந்தா கையையே எடுத்திருக்கணும்" என்றார் டாக்டர். போகிறபோக்கில் குத்புதீனின் பிடரியையும் தொட்டுப் பார்த்தார். "இது பாட்டுக்கு இருக்கட்டும். தொந்தரவு பண்ணினா எடுத்துடலாம்."

ஆனி மாதம், உச்சி வேளையில் கடையைச் சாத்திவிட்டுக் குத்புதீன் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது வாசலில் மூடு ஜட்கா ஒன்று வந்து நின்றது. ராவ்பகதூர் அழகியமணவாள அய்யங்கார் இறங்கினார். டவாலிச் சேவகன் இல்லை. தலைப்பாகையும் இல்லை. குத்புதீன் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். விட்டுப்போன கட்டியை மீட்டுக்கொள்ள வந்திருக்கிறார் என்றே நினைத்தார்.

"பாய், உம்ம சம்சாரத்தோட ஒரு வார்த்தை பேசணும்" என்றார் ராவ்பகதூர். குரல் இறங்கியிருந்தது.

நஜ்முன்னிசா துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடைக்கு வந்தாள்.

"கை குணமாயிடுத்தா அம்மா?"

"ஆயிடுச்சுங்க. அல்லா காப்பாத்தினான்."

"அறுக்கறச்சே ரொம்ப வலிச்சுதோ?"

"மயக்க மருந்து கொடுத்துட்டாங்க. முழிச்சப்புறம் ஒரு வாரம் வலி."

ராவ்பகதூர் சுவரைப் பார்த்தார். அங்கே மாட்டியிருந்தது பழைய காலண்டர் ஒன்றுதான்.

"என் சிநேகிதர் ஒருத்தருக்குத் தோளண்டை ஒரு கட்டி. அவருக்கு அதை யார்கிட்டயும் காட்டப் பயம்..."

"அவரை வரச் சொல்லுங்க. நான் ஆஸ்பத்திரிக்குக் கூட வர்றேன்."

"வந்திருக்கார்" என்றார் ராவ்பகதூர்.

நஜ்முன்னிசாதான் கேட்டாள். "எத்தனை நாளா இருக்குங்க?"

"மூணரை வருஷம்."

"வலிக்குதா?"

"இல்லை. வலியே இல்லை."

"அப்ப என்னங்க பண்ணினீங்க?"

"சபை ஆரம்பிச்சேன்" என்றார் ராவ்பகதூர்.

குத்புதீனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ராவ்பகதூரின் கை மேல்வேஷ்டியின் ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தது.

"ஊர்க் கட்டியெல்லாம் பார்த்தா எனக்கிருக்கிறது எந்த வகுப்புன்னு தெரிஞ்சுடும்னு நினைச்சேன். டாக்டர் போடணும்னு நாலு தரம் தீர்மானம் வந்தது. நான்தான் நாற்காலி விஷயத்தைக் கிளப்பி நிறுத்தினேன். டாக்டர் வந்தா முதல்ல என்னைத்தானே பார்ப்பார்? அன்னிக்கு நீங்க கையை நீட்டினேள். என்னால பார்க்க முடியலை." அவர் நிறுத்தினார். "அது கெட்டதா இருந்தா?"

"எனக்குத் தெரியாதுங்க. பார்த்தாலும் எனக்குச் சொல்லத் தெரியாது" என்றாள் நஜ்முன்னிசா. "அவங்களுக்குத் தெரியும். இன்னிக்குத் திங்கட்கிழமை. என்னங்க, சோத்தை மூடி வச்சிட்டு வாங்க."

மூவரும் அதே ஜட்காவில் போனார்கள். ஆஸ்பத்திரி பெஞ்சில் ராவ்பகதூருக்கு ஒரு பக்கம் மருங்காபுரிக் குடியானவர் ஒருவர், மறுபக்கம் குத்புதீன். பெயரைக் கூப்பிட்டதும் ராவ்பகதூர் குத்புதீனின் கையைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனார்.

டாக்டர் தோளைப் பார்த்தார். அழுத்தினார். நடுவில் இருந்த சின்னக் கரும்புள்ளியைக் காட்டி, "தோலுக்கடியில ஒரு பை. அதுல அழுக்கு சேர்ந்திருக்கு, அவ்வளவுதான். கெட்டது இல்லை. இஷ்டப்பட்டா அடுத்த வாரம் வாங்க, கால் மணி நேரத்துல எடுத்துடறேன். ஆனா வந்து காட்டினது சரி. மூணு வருஷம் காத்திருந்ததுதான் தப்பு" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

ராவ்பகதூர் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அஞ்சு நிமிஷத்துல பார்த்துட்டார்" என்றார்.

பிறகு, இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதையும் நினைக்காமல், அழத் தொடங்கினார். "ஒரு ராத்திரி நன்னாத் தூங்கினதில்லை அம்மா. உயில் எழுதி வச்சேன். பொண்ணு கல்யாணத்தை அவசரமா முடிச்சேன். அஞ்சு நிமிஷம்."

நஜ்முன்னிசா தாழ்வாரத்துப் பானையிலிருந்து அலுமினிய டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினாள். தோல் ஒட்டிய இடத்துக் கட்டை அவிழ்த்து நாளாகிவிட்டது. அந்தக் கையால்தான் நீட்டினாள். உத்தர வீதியை விட்டு வெளியே எங்கும் தீர்த்தம் அருந்தாதவர் என்று பேர் வாங்கிய ராவ்பகதூர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். குடித்து முடித்து டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.